விக்டோரியா வுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் வீட்டு டிவி வரைக்கும் வந்து சேர்ந்த பிரிட்டிஷ் நகைச்சுவை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மிஸ்டர் பீன். அவர் வாயே திறக்க மாட்டார். அதனால் கடல் தாண்டுவது அவருக்கு எளிதாக இருந்தது. விக்டோரியா வுட் அதற்கு நேர் எதிர். வாயைத் திறந்தால்தான் அவருடைய வித்தை ஆரம்பமாகும். அதுவும் வட இங்கிலாந்துப் பெண்கள் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பேசுகிற பேச்சு. சொந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர், வெளியே வந்தால் "யார் அது?" என்று கேட்பார்கள். இணையத்தில் அவருடைய துண்டுக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள். சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நகைச்சுவை நடிகை. தான் பேசிய வசனங்களை எழுதியவரும் அவரே. 1953 மே 19 அன்று வட இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்தில் உள்ள பிரெஸ்ட்விச்சில் பிறந்தார். 2016 ஏப்ரல் 20 அன்று லண்டனில் காலமானார். மேடை நாடகம், ஸ்கெட்ச் எனப்படும் சின்னச் சின்ன டிவி வேடிக்கைக் காட்சிகள், ஒற்றை ஆளாக நின்று பேசும் ஸ்டாண்ட்-அப், சிட்காம் என்ற நகைச்சுவைத் தொடர், டிவி திரைப்படம், இசை நாடகம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, பியானோவில் உட்கார்ந்து தானே பாடவும் செய்வார். நடிகையா, எழுத்தாளரா என்று ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டுமென்றால் என் ஓட்டு எழுத்தாளருக்கு.

எந்த ஊர்? எப்படிப்பட்ட குடும்பம்?

வளர்ந்தது மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி என்ற ஆலை நகரத்தில். சந்தைக்குப் பெயர்போன ஊர். அப்பா ஸ்டான்லி பகலில் இன்ஷூரன்ஸ் விற்பார், மற்ற நேரத்தில் நாடகமும் பாட்டும் எழுதுவார். நான்கு பிள்ளைகளில் விக்டோரியா கடைக்குட்டி. ஊருக்கு வெளியே மேட்டில் தனித்து நின்ற பெரிய வீடு. விருந்தாளி என்று யாரும் வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு உலகம். 15ஆவது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு பியானோ வாங்கித் தந்தார். பியானோவும் டிவியும்தான் துணை. உடம்பைப் பற்றிய கூச்சமும், சாப்பாட்டோடு தீராத மல்லுக்கட்டும் சேர்ந்துகொண்டன. பிற்காலத்தில் அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பேச்சை அப்படியே பிடிக்கிற காது பேச்சுமூச்சில்லாத ஒரு வீட்டிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கு ரொம்ப நாளாக வியப்பு. எந்நேரமும் சளசளப்பு கேட்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு அது காதில் ஏறாது. இவருக்குப் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருவர் பேசியதுகூடப் புதையலாக இருந்திருக்கும். இது என் ஊகம்தான்.

ஆறு வயதில் ஜாய்ஸ் கிரென்ஃபெல் என்ற நகைச்சுவைக் கலைஞரின் நிகழ்ச்சிக்கு அவரை அழைத்துப் போயிருக்கிறார்கள். மேடையில் ஒரு பெண், தனியாக, யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருக்கிறார், அரங்கம் சிரிக்கிறது. இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்ததாம்.

1974இல் டிவி போட்டியில் ஜெயித்தாரே, அத்தோடு புகழ் வந்துவிட்டதா?

வரவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தபோதே 'நியூ ஃபேஸஸ்' என்ற திறமைப் போட்டியில் பங்கேற்று தன் சுற்றில் வென்றார். 1976இல் 'தட்ஸ் லைஃப்' நிகழ்ச்சியில் வாராவாரம் வேடிக்கைப் பாட்டு பாடும் வேலை கிடைத்தது. இடையிடையே வேலையே இல்லாமல் அரசு தரும் உதவித்தொகையில் காலம் தள்ளினார்.

அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. அன்றைய பிரிட்டனில் நகைச்சுவைக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, வடக்கே தொழிலாளர் கிளப்புகளில் பீர் கிளாஸ்களுக்கு நடுவே மாமியார் ஜோக் சொல்லும் ஆண்கள். மற்றொன்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் குழுக்களிலிருந்து நேராக பிபிசிக்குப் போகிறவர்கள். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பியானோவில் உட்காரும் குண்டான வடக்கத்திப் பெண்ணுக்கு இரண்டிலும் இடமில்லை. 1979இல் லண்டனில் காமெடி ஸ்டோர் என்ற நகைச்சுவை அரங்கம் திறந்து, பழைய பாணியை ஒதுக்கிய மாற்று நகைச்சுவை அலை எழுந்தது. அந்தக் கூட்டத்திலும் அவர் சேரவில்லை, தனி வழியிலேயே போனார்.

ஜூலி வால்டர்ஸோடு நட்பு எப்படி?

ஹாரி பாட்டர் படங்களில் ரானின் அம்மாவாக வருவாரே, அவர்தான். 1970களின் தொடக்கத்தில் மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் நடிப்புப் படிப்புக்கான தேர்வுக்குப் போனார் விக்டோரியா. அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தான் நர்ஸாக வேலை பார்த்த கதைகளை நடித்துக் காட்டி, வந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். விக்டோரியாவுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரும் தெரியாது.

1978இல் லண்டன் புஷ் தியேட்டரில் 'இன் அட் தி டெத்' என்ற நிகழ்ச்சியில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில்தான் அன்றைய நர்ஸ் கதைக்காரி இவர்தான் என்று தெரிந்தது. அந்த நிகழ்ச்சிக்கு விக்டோரியா அவசரமாக எழுதிக்கொடுத்த ஒரு சிறு காட்சி அரங்கை அதிர வைத்தது. பாட்டு எழுதுகிறவர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு வசனம் வருகிறது என்று தெரிந்தது அங்கேதான்.

முதல் நாடகம் எது?

'டேலன்ட்'. 1978இல் ஷெஃபீல்டு க்ரூசிபிள் அரங்கில் மேடையேறியது. மங்கலான ஒரு இரவு விடுதியில் நடக்கும் திறமைப் போட்டிக்கு ஜூலி என்ற பெண் பாட வருகிறாள், துணைக்கு மோரீன் என்ற தோழி. மேடைக்குப் பின்னால் உள்ள ஒரு தட்டுமுட்டு அறைதான் களம். போட்டியில் வென்ற பிறகும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் இப்படி ஒன்றை எழுத முடியும். ஜூலி பாத்திரத்தை வால்டர்ஸை நினைத்தே எழுதினார். மேடையில் அது வாய்க்கவில்லை, 1979இல் கிரனடா என்ற டிவி நிறுவனத்துக்காகப் படமாக்கியபோது இருவரும் நடித்தார்கள். கிரனடாவில் அவரைக் கண்டெடுத்து வளர்த்தவர் பீட்டர் எக்கர்ஸ்லி என்ற தயாரிப்பாளர்.

'வுட் அண்ட் வால்டர்ஸ்' தொடரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசும் அளவுக்கு அது அமையவில்லை. 1982இல் வந்தது. எக்கர்ஸ்லி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கடிவாளம் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. விக்டோரியாவுக்கே அதில் திருப்தியில்லை.

'ஆஸ் சீன் ஆன் டிவி'யில் அப்படி என்ன விசேஷம்?

பிபிசி டூ, 1985 முதல் 1987 வரை. இரண்டு தொடர்கள், ஒரு சிறப்பு நிகழ்ச்சி. பிரிட்டனின் பெரிய சினிமா, டிவி விருதான பாஃப்டாக்கள் வந்தன. அதைவிட, பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் மறுநாள் வசனங்களை ஒப்பித்தார்கள். இந்த முறை எழுத்து முழுக்க அவருடையது, நடிகர்களும் அவர் தேர்ந்துகொண்டவர்கள்: வால்டர்ஸ், சீலியா இம்ரி, டங்கன் பிரெஸ்டன், சூசி பிளேக். பிற்காலம் முழுக்க இதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள்.

இரண்டு சூப் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு ஜோடி ஹோட்டலில் அவசரமாகச் சாப்பிட உட்காருகிறது. பரிமாற வருபவர் தள்ளாத வயதுப் பெண், காது மந்தம், கை நடுக்கம். இரண்டு சூப் என்ற ஆர்டரை அவர் வாங்கிக்கொண்டு போய், திரும்பி வந்து, மறுபடி கேட்டு, கடைசியில் கொண்டு வரும்போது கிண்ணத்தில் சூப் இருக்காது, வழியெல்லாம் கொட்டியிருக்கும். கதை இவ்வளவுதான். ஆனால் வால்டர்ஸின் ஒவ்வொரு அடியையும் கவனியுங்கள். மேசைக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே உள்ள தூரமே நகைச்சுவையாகிவிடுகிறது.

சூசி பிளேக் செய்தது அறிவிப்பாளர் வேடம். நாசூக்கான தென்னிங்கிலாந்து உச்சரிப்பு, பளிச்சென்ற புன்னகை. ஒருமுறை அந்த அறிவிப்பாளர் வட இங்கிலாந்து நேயர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறார். ஒளிபரப்பில் ஏதோ கோளாறு என்று நினைப்போம். வடக்கில் வாழ வேண்டியிருக்கிறதே, பாவம், அதற்காகத்தான் அந்த வருத்தம். லண்டனுக்கும் வடக்குக்கும் இடையிலான பழைய பகையெல்லாம் அந்த ஒரு வரியில் வந்துவிடும்.

பட்ரிஷியா ரூட்லெஜ் பேசும் கிட்டி என்ற பாத்திரத்தின் தனிமொழிகளையும் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருக்கும் நடுத்தர வயதுப் பெண். கேமராவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தன்னைப் போல நியாயமான ஆள் உலகத்திலேயே இல்லை என்ற நம்பிக்கையோடு பேசுவார்.

'ஏகார்ன் ஆன்டிக்ஸ்' ஏன் இவ்வளவு மோசமாகப் படமாக்கப்பட்டிருக்கிறது?

வேண்டுமென்றேதான். இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அது 'ஆஸ் சீன் ஆன் டிவி'க்குள் வந்த ஒரு பொய்த் தொடர். பழம்பொருள் கடை ஒன்றில் நடக்கும் நெடுந்தொடரைப் போன்ற பாவனை. பிரிட்டனில் 1964 முதல் 1988 வரை ஓடிய 'கிராஸ்ரோட்ஸ்' என்ற மோட்டல் தொடரின் கேலி. அவசர அவசரமாகப் படமாக்கப்பட்டதால் ஆடும் சுவர்களுக்கும் தடுமாறும் வசனங்களுக்கும் பெயர்பெற்ற தொடர் அது.

ஏகார்ன் ஆன்டிக்ஸில் நடிகர் தன் வசனம் வரும் முன்பே வாயைத் திறப்பார். மைக் சட்டகத்துக்குள் எட்டிப் பார்க்கும். கேமரா ஒருவரைக் காட்ட, பேசுவது இன்னொருவராக இருக்கும். தொலைபேசியை எடுத்த பிறகு மணி அடிக்கும். மிஸஸ் ஓவரால் என்ற வேலைக்காரப் பெண்மணி, வால்டர்ஸ்தான், கதவுக்கு வெளியே தன் முறைக்காகத் தட்டோடு காத்திருப்பது அப்பட்டமாகத் தெரியும். இந்தத் தப்புகள் எல்லாம் தாளில் எழுதி ஒத்திகை பார்த்தவை. தப்பைத் தப்பாமல் செய்வது எவ்வளவு கடினம் என்று சமையலில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு விநாடி முந்தினாலும் அது நிஜத் தப்பாகிவிடும், சிரிப்பு வராது.

நீங்கள் அந்தக் காலத்து நெடுந்தொடர் எதையாவது பார்த்து வளர்ந்தவர் என்றால் 'கிராஸ்ரோட்ஸ்' தெரியாமலேயே இது பிடிபடும்.

2005இல் இதையே இசை நாடகமாக்கினார். லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டர் ராயலில், ட்ரெவர் நன் இயக்கத்தில். வால்டர்ஸ் இல்லாத நாட்களில் மிஸஸ் ஓவராலாக விக்டோரியாவே நடித்தார். சீலியா இம்ரிக்கு ஒலிவியர் என்ற நாடக விருது கிடைத்தது. சிறுகதையை நாவலாக இழுத்தது போன்ற ஒரு தொய்வு அதில் உண்டு என்பது என் கருத்து. ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு வார இதழின் பெயரைச் சொன்னதும் அரங்கமே ஏன் உருண்டு புரண்டு சிரிக்கிறது?

'பேரி, ஃப்ரீடா' பாட்டைக் கேட்கிறீர்கள். 1986இல் வந்தது. மனைவி ஃப்ரீடாவுக்கு அன்றிரவு தாம்பத்திய ஆசை பொங்குகிறது. கணவன் பேரிக்கு முடியவில்லை, மனமும் இல்லை. அவள் அழைக்கிறாள், அவன் சாக்குச் சொல்கிறான், ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. காலங்காலமாக மனைவிக்குத் தலைவலி என்று ஜோக் அடித்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் இது.

அதில் ஃப்ரீடா, தன்னை 'உமன்ஸ் வீக்லி'யால் அடிக்கச் சொல்கிறாள். அது 1911 முதல் வரும் இதழ். பின்னல் மாதிரி, சமையல் குறிப்பு, தொடர்கதை என்று அம்மாக்களும் பாட்டிகளும் படிப்பது. காமத்தின் உச்சத்தில் கைக்கு அகப்பட்ட ஆயுதம் அதுதான். அந்த இடத்தில் வேறு ஏதாவது பத்திரிகையின் பெயரைப் போட்டுப் பாடிப் பாருங்கள், வரி செத்துவிடும். உமன்ஸ், வீக்லி என்று இரண்டு 'வ' ஒலி அடுத்தடுத்து வந்து நாக்கில் ஒரு துள்ளல் தருகிறது. அந்த வீட்டின் சோபாவும் திரைச்சீலையும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இதுதான் அவருடைய எழுத்தின் சூட்சுமம். பிஸ்கட் என்று பொதுவாக எழுத மாட்டார், எந்த பிஸ்கட் என்று எழுதுவார். துணி என்று எழுத மாட்டார், எந்தக் கடையில் தள்ளுபடியில் வாங்கியது என்று எழுதுவார். நடிகர்கள் வசனத்தில் ஒரு 'வந்து', ஒரு 'ஆனா' கூட்டிவிடவோ குறைத்துவிடவோ கூடாது. இஷ்டத்துக்குச் சேர்த்துப் பேசுவதற்கு அவரிடம் இடமே இல்லை. கேட்கும்போது தெருப்பேச்சு போல இருக்கும். எண்ணிப் பார்த்தால் யாப்பு.

ஸ்டாண்ட்-அப் கலைஞராக எவ்வளவு பெரிய ஆள்?

1990களில் ராயல் ஆல்பர்ட் ஹாலைத் தொடர்ந்து 15 இரவுகள் நிறைத்தவர் என்றால் போதாதா? ஐயாயிரம் பேர் உட்காரும் அரங்கம் அது. ஒரு பெண், ஒரு மைக், ஒரு பியானோ. 1988இல் ஐடிவி என்ற தனியார் சேனலில் வந்த 'ஆன் ஆடியன்ஸ் வித் விக்டோரியா வுட்' நிகழ்ச்சிக்கும் பாஃப்டா கிடைத்தது. கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து, 2001இல் மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பி, அந்த அறுவை சிகிச்சையையே முதல் பாதிக்குப் பொருளாக்கினார்.

தோல்வியே இல்லையா?

உண்டு. 1989இல் பிபிசிக்காக ஆறு தனித்தனி அரைமணி நாடகங்கள் எழுதினார். எல்லாவற்றிலும் விக்டோரியா என்ற பெயரிலேயே வருவார். 'ஆஸ் சீன் ஆன் டிவி'க்குப் பிறகு இதை எதிர்பார்க்காத விமர்சகர்கள் அவ்வளவாக வரவேற்கவில்லை. எனக்கு அதில் ஒன்றிரண்டு பிடிக்கும். வேடிக்கை வரிகள் குவிந்து, எல்லாப் பாத்திரங்களும் விக்டோரியா வுட் மாதிரியே பேசுவதுதான் குறை. அதை அவரே உணர்ந்திருப்பார் போல. அடுத்த பெரிய படைப்பில் அந்தக் குறை இல்லை.

அது எது?

1994இல் பிபிசி ஒளிபரப்பிய 'பேட் அண்ட் மார்கரெட்' என்ற டிவி படம். அக்காள் பேட், வால்டர்ஸ், அமெரிக்க நெடுந்தொடரில் பெரிய நட்சத்திரம். தங்கை மார்கரெட், விக்டோரியா, நெடுஞ்சாலை ஓரச் சாப்பாட்டுக் கடையில் வேலை. பல ஆண்டுகளாகத் தொடர்பே இல்லாத இருவரையும் ஒரு டிவி நிகழ்ச்சி, நேயர்கள் முன்னிலையில், கேமரா சுழலச் சுழலச் சேர்த்துவைக்கிறது. அக்காளுக்கு அது இடி விழுந்த மாதிரி. அவள் தன் பூர்வீகத்தை மறைத்து வாழ்ந்தவள். உறவுகளை ஒன்றுசேர்த்து அழவைக்கும் நிகழ்ச்சிகள் எத்தனை பார்த்திருப்போம். கேமரா அணைந்த பிறகு அந்த இருவரும் ஒரே காரில் எப்படி உட்கார்ந்து போவார்கள் என்று நாம் யோசித்ததில்லை. படம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நல்ல வரிகளை மற்றவர்களுக்கே கொடுத்துவிடுவாராமே?

உண்மை, திரையிலேயே பார்க்கலாம். எழுதுகிறவரே நடிக்கும்போது சிரிப்பு வரிகளைத் தனக்கு ஒதுக்கிக்கொள்வதுதான் வழக்கம். மிஸஸ் ஓவரால், சூப் கொண்டுவரும் கிழவி, பேட், பிற்பாடு 'டின்னர்லேடீஸ்' தொடரின் பெட்டுலா எல்லாம் வால்டர்ஸுக்குப் போயின. கிட்டி வேடம் ரூட்லெஜுக்கு. தனக்கு எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் வேடம்.

'டின்னர்லேடீஸ்' என்றால் என்ன? இரவு உணவா?

இல்லை. வட இங்கிலாந்தின் பேச்சு வழக்கில் டின்னர் என்பது மத்தியானச் சாப்பாடு. பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் அதைப் பரிமாறும் பெண்கள்தான் டின்னர் லேடீஸ். 1998 நவம்பர் முதல் 2000 ஜனவரி வரை பிபிசி ஒன்னில் 16 பகுதிகள் ஓடிய சிட்காம். மான்செஸ்டரில் ஒரு தொழிற்சாலையின் கேண்டீன்தான் களம். கேமரா அந்தக் கேண்டீனை விட்டு வெளியே போகாது.

பிரென் (விக்டோரியா), நாக்கு நுனியில் நிற்கும் சொல்லைத் தேடித் தேடி, அது அகப்படாமல் வேறு எதையோ சொல்பவள். டோலியும் ஜீனும் (ஆன் ரீட், தெல்மா பார்லோ) எலியும் பூனையுமாக இருந்தும் பிரியாதவர்கள். ட்விங்கிளாக வந்த மாக்சின் பீக் அப்போதுதான் நடிப்புப் பள்ளியை முடித்தவர். மேனேஜர் டோனி (ஆண்ட்ரூ டன்) புற்றுநோய் சிகிச்சை முடித்து வந்தவர், பிரெனுக்கும் அவருக்கும் நடுவே சொல்லப்படாத ஒன்று. பிரெனின் அம்மா பெட்டுலாவாக வால்டர்ஸ்: கேரவன் வண்டியில் குடியிருக்கும், பொய்யைத் தவிர வேறெதுவும் பேசாத தாய். முதலில் அவள் வந்தால் சிரிப்போம். பிரெனின் குழந்தைப் பருவம் எப்படி இருந்திருக்கும் என்று மெல்ல மெல்லத் தெரியவரும்போது அவள் வந்தாலே நெஞ்சு கனக்கும்.

படப்பிடிப்பு முறை தனி. ஒரே பகுதியை வெள்ளிக்கிழமை இரவு ரசிகர்கள் முன் நடித்துப் பதிவு செய்வார்கள். எங்கே சிரிப்பு விழவில்லை என்று பார்த்து விக்டோரியா உட்கார்ந்து திருத்துவார். சனிக்கிழமை வேறு ரசிகர்கள் முன் முழுப் பகுதியையும் மறுபடி பதிவு செய்வார்கள். நடிகர்கள் ஒரே இரவில் புது வசனத்தை மனப்பாடம் செய்தாக வேண்டும். கடும் வேலை வாங்குகிறவர் என்று கூட நடித்தவர்கள் சொன்னதில் ஆச்சரியமில்லை. தனக்குத்தானே வாங்கிய வேலை அதைவிட அதிகம். நல்ல பெயரோடு ஓடிக்கொண்டிருந்த தொடரை 16ஆவது பகுதியோடு நிறுத்தியவரும் அவரே.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

'டின்னர்லேடீஸ்' அனிதா பாத்திரத்தில் நடித்த ஷோப்னா குலாத்தி, ஓல்டமில் பிறந்த இந்திய வம்சாவளி நடிகை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் தொடர்களில் இந்தியப் பெண் வந்தாலே கட்டாயக் கல்யாணமும் கண்டிப்பான அப்பாவும் கூடவே வருவார்கள். அனிதாவின் வேடிக்கை அவளுடைய அப்பாவித்தனத்தில் இருக்கிறது. மற்ற நால்வரைப் போல அவளும் ஒரு கேண்டீன் ஊழியை, அவ்வளவே. பின்னர் குலாத்தி 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரிட்டிஷ் நெடுந்தொடரில் சுனிதாவாக நீண்டகாலம் நடித்தார்.

2007இல் 'விக்டோரியாஸ் எம்பயர்' என்ற பயணத் தொடருக்காக, தன் பெயர்கொண்ட ராணியின் பேரரசு பரவியிருந்த இடங்களுக்குப் போனார். கொல்கத்தாவும் அதில் உண்டு. 2013இல் தேநீர் எப்படி பிரிட்டனின் பானமாயிற்று என்று இரண்டு பகுதி ஆவணப்படம் செய்தார். இரண்டும் பார்க்கலாம், ஆனால் அவருடைய பலம் இதில் இல்லை.

நகைச்சுவை மட்டும்தானா?

2006இல் ஐடிவியில் வந்த 'ஹவுஸ்வைஃப், 49'ஐப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1937இல் 'மாஸ் அப்சர்வேஷன்' என்றொரு ஆய்வுத் திட்டம் பிரிட்டனில் தொடங்கியது. சாதாரண மக்கள் தங்கள் அன்றாட வாழ்க்கையை நாட்குறிப்பாக எழுதி அனுப்ப வேண்டும். எழுதுகிறவரின் தொழிலும் வயதும்தான் அடையாளம். பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊரிலிருந்து நெல்லா லாஸ்ட் என்ற பெண் எழுதினார்: இல்லத்தரசி, வயது 49. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது, அதிகம் பேசாத கணவனோடு வீட்டுக்குள் முடங்கி, மனம் நொந்து கிடந்தவர். போர்க்காலத் தொண்டுப் பணிக்காகப் பெண்கள் சங்கத்தில் சேர்கிறார். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் அவருக்கு முதன்முறையாக மூச்சு விட முடிகிறது.

அந்த நாட்குறிப்பிலிருந்து திரைக்கதை எழுதி நெல்லாவாக நடித்தார் விக்டோரியா. கணவனாக டேவிட் த்ரெல்ஃபால். சிரிப்பு வரிகள் கொஞ்சம்தான். பேச இடமில்லாத பெண், தாளில் பேச ஆரம்பிக்கிறாள். பெரியின் மேட்டு வீட்டிலிருந்து வந்தவருக்கு இந்தக் கதை ஏன் பிடித்தது என்று விளக்க வேண்டியதில்லை. 2007இல் சிறந்த நடிகை, சிறந்த தனிநாடகம் என்று இரண்டு பாஃப்டாக்கள் கிடைத்தன.

அதற்குப் பிறகு?

2011 புத்தாண்டன்று பிபிசி டூவில் வந்த 'எரிக் அண்ட் எர்னி' அவருடைய யோசனையில் பிறந்தது. மோர்காம், வைஸ் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை இரட்டையரின் இளமைக் காலக் கதை. எழுதியவர் பீட்டர் போக்கர். விக்டோரியா எரிக்கின் அம்மா சேடியாக நடித்தார். அதே 2011இல் மான்செஸ்டர் சர்வதேச விழாவுக்காக 'தட் டே வி சாங்' என்ற இசை நாடகத்தை எழுதி இயக்கினார். 1929இல் மான்செஸ்டர் பள்ளிப் பிள்ளைகளின் பாடகர் குழு ஹாலே இசைக்குழுவோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டு பதிவு செய்தது. அதில் பாடிய இருவர் நடுவயதில் மறுபடி சந்தித்தால் என்ன ஆகும் என்பது கதை. 2014இல் மைக்கேல் பால், இமெல்டா ஸ்டாண்டன் நடிக்க டிவிக்கும் வந்தது.

அரசு மரியாதைகள்?

1997இல் ஓபிஇ பட்டம், 2008இல் சிபிஇ பட்டம்.

எப்படி இறந்தார்?

உணவுக்குழாயில் புற்றுநோய். 2015இன் பிற்பகுதியில் தெரியவந்தது. வெளியே சொல்லவில்லை. 62 வயதில் லண்டன் ஹைகேட் வீட்டில் காலமானபோது நேயர்களுக்கு அது திடீர்ச் செய்தி. உடம்பைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் முன் மேடையில் பேசியவர் இதை மட்டும் தன்னோடும் தன் வீட்டோடும் வைத்துக்கொண்டார்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? ஆங்கில உச்சரிப்பு புரியுமா?

உச்சரிப்பு முதலில் தடுக்கும். ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் இரண்டு சூப் காட்சி, அதற்கு மொழியே வேண்டாம். அடுத்து 'டின்னர்லேடீஸ்', முதல் பகுதியிலிருந்து வரிசையாக. நடுவில் குதித்தால் பெட்டுலா வெறும் கோமாளியாகத் தெரிவாள். பிறகு 'ஹவுஸ்வைஃப், 49'. பாட்டுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் பெயர்களும் கடைப் பெயர்களும் பழகிய பிறகுதான் அவை சூடு பிடிக்கும்.

சொந்த ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறதா?

பெரி நகர நூலகப் பூங்காவில் 2019 மே மாதம் வெண்கலச் சிலை வைத்தார்கள். கிரஹாம் இபட்சன் என்ற சிற்பி செய்தது. மோர்காம் என்ற ஊரின் கடற்கரையில் ஒற்றைக் காலைத் தூக்கி ஆடும் எரிக் மோர்காம் சிலையைச் செய்தவரும் அவர்தான். வேலையில்லாத தொடக்க காலத்தில் விக்டோரியா கொஞ்ச நாள் குடியிருந்தது அந்த மோர்காமில்தான்.